அப்பாவின் பேரேடும் பூக்கடை இண்டெக்ஸும்

2019 சித்திரையில் ஒரு சனிக்கிழமை. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்த கமிஷன் கடைக்குக் காலை எட்டரை மணிக்குப் போனேன். அந்தக் கடையில் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, விவசாயிகளுக்குக் கணக்கு முடித்துப் பணம் கொடுப்பார்கள். வாசலில் 60 பேருக்குக் குறையாமல் நின்றார்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, வலையங்குளம், நிலக்கோட்டை என்று ஆளுக்கொரு திசை. இருட்டோடு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து, மூட்டையைக் கொண்டுவந்து எடை போட்டுவிட்டு நிற்கிறவர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் பையன் ஒரு விவசாயியின் எண்ணைத் தட்டி என்டர் அடித்தான். திரை அப்படியே நின்றது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணிய பிறகுதான் கணக்கு வந்தது. 60 பேருக்கு ஆளுக்கு 11 விநாடி என்றால் 11 நிமிஷம். அவ்வளவு நேரமும் யாருக்கும் வேலை இல்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைக்கார அண்ணன் கோபப்படவில்லை. “ஏம்மா, ஹார்டு டிஸ்க்ல இடம் பத்தலையோ? வேணும்னா பெருசா ஒண்ணு வாங்கிப் போட்ருவோம்” என்றார். 500 ஜிபி வட்டு அது. என் கணக்குக் கோப்பு வெறும் 62 எம்பி. மிச்ச இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கலாம், நான் வாங்காமல் விட்டிருந்தேன். அதற்கப்புறம் வாங்கப் போய், இடத்தைவிட விலை கூடின இன்னொன்றையும் கொடுத்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கடையின் கணக்கு இதுதான். சுமார் 280 விவசாயிகள். ஒரு நாளைக்குச் சராசரியாக 500 வரவு வரிகள்: யார், என்ன பூ, எத்தனை கிலோ, என்ன ரேட், எவ்வளவு தொகை. வருஷத்துக்கு 350 நாள் வியாபாரம் என்று வைத்தால் 1,75,000 வரி. 2015-ல் ஆரம்பித்தது, 2019-ல் ஏழு லட்சத்தைத் தொட்டிருந்தது. எல்லாம் எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸின் கோப்பு ஒன்றில். சர்வர் எதுவும் வேண்டாம், ஒரே கோப்பு, பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு போகலாம். சின்னக் கடைக்கு அதைவிட நல்லது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பூவின் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதாமல் எண்ணாக வைத்த ஒரு காரியத்தை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்திருந்தேன். தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘மல்லிகை’ என்று நாம் எழுதுவது நாலு எழுத்தாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே ஏழு குறியீடு, ஆக 21 பைட். ‘உசிலம்பட்டி’க்கு 33 பைட். ஏழு லட்சம் வரியிலும் ‘மல்லிகை’ என்று எழுதியிருந்தால் அது மட்டுமே ஒன்றரைக் கோடி பைட்டுக்குப் பக்கம். எண்ணாக வைத்தால் வரிக்கு ஒரு பைட்டில் முடிந்தது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில் ஒவ்வொரு உயிர்மெய்யும் ஒரே குறியீடு, 2 பைட்தான். இடத்தில் அது சிக்கனம். ஆனால் உலகம் முழுக்கப் புழங்குவது யூனிகோடு என்பதால் நான் அதிலேயே இருக்கிறேன்.

சரி, 11 விநாடி எங்கே போனது? எஸ்கியூலைட்டில் ஒரு கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன் கொயரி பிளான்’ என்று போட்டால், எப்படித் தேடப்போகிறது என்று அதுவே சொல்லிவிடும். ‘சர்ச்’ என்று வந்தால் நேரே போய் எடுக்கிறது. ‘ஸ்கேன்’ என்று வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறது. எனக்கு ‘ஸ்கேன்’ என்று வந்தது. அதுவும் ஐந்து தடவை. மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, அரளி என்று பூவுக்கு ஒரு கேள்வி கேட்டு எழுதி வைத்திருந்தேன். ஒருத்தருடைய கணக்குக்காக ஏழு லட்சம் வரியை ஐந்து முறை புரட்டினால் நேரம் ஆகத்தானே செய்யும்? 2015-ல் கோப்பு கையளவு இருந்ததால் தெரியவில்லை.

மெஷினும் பழசு. 2 ஜிபி ரேம், அதில் விண்டோஸ், ஆன்ட்டிவைரஸ், டேலி எல்லாம் உட்கார்ந்திருந்தன. கோப்பு நினைவகத்தில் தங்க இடம் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் வட்டிலிருந்தே படிக்கப்பட்டது. ஒரு முழுப் புரட்டலுக்கு இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல்.

அன்றைக்குச் சாயங்காலமே ஐந்து கேள்விகளையும் ஒன்றாக்கினேன். 11 விநாடி 2 ஆனது. இதற்கு ஒரு பைட்கூடச் செலவில்லை. இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குவது பற்றிப் பேசுவதற்கு முன், சும்மா கிடைக்கிற வேகத்தை எடுத்துக்கொண்டோமா என்று பார்ப்பதை அதிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆனால் 2 விநாடி அப்படியே நிற்காது. வரி கூடக் கூட அதுவும் வளரும். ஆகவே இண்டெக்ஸ் போட்டேன்: விவசாயி எண், தேதி. இண்டெக்ஸ் என்றால் வரிகள் இருக்கிற டேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டேபிள் மாதிரி, விவசாயி வாரியாக அடுக்கியது, ஒவ்வொன்றுக்கும் ‘அசல் வரி இந்த இடத்தில் இருக்கிறது’ என்ற குறிப்போடு. 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்த பி-ட்ரீ அமைப்புதான் இன்றைக்கும் இதற்குள் ஓடுகிறது. வட்டைப் பக்கம் பக்கமாகத்தான் படிக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டிய மரம் அது. பக்கத்துக்கு 4096 பைட் என்று வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் சுமார் 150 குறிப்பு கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150-ஐ மூன்று முறை பெருக்கினால் 33 லட்சத்துக்கு மேல். ஆகவே ஏழு லட்சத்தில் எந்த வரியைத் தேடினாலும் மூன்று பக்கம் புரட்டினால் இடம் தெரிந்துவிடும். கோப்பு 62-லிருந்து 75 எம்பி ஆனது. 13 எம்பி கொடுத்து இதை வாங்கினேன்.

வீட்டில் என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. நிம்மதியாகக் கொண்டுபோய்க் கடையில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அண்ணன் போன் பண்ணினார். “ஏம்மா, முன்னைக்கு இப்ப மோசமாருக்கே?” 16 விநாடி ஆகிறது என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. ‘சர்ச்’ என்றுதான் வருகிறது, ஆனால் முழுப் புத்தகத்தையும் புரட்டுவதைவிட எட்டு மடங்கு அதிக நேரம் எடுக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் அப்பா வீட்டில் இருந்தேன். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 31 வருஷம் கணக்குப்பிள்ளை. அப்போது அவருக்கு வயது 78. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டர் வார்த்தை எதுவும் போடாமல் சொல்ல முயன்றேன். “தேதி வாரியா எழுதின நோட்டு ஒண்ணு இருக்குப்பா. அதுல ஒரு ஆளோட வரவு மட்டும் கூட்டணும். அதுக்காக ஆள் வாரியா இன்னொரு நோட்டு போட்டேன். அதுல இன்னின்ன பக்கம் பாருன்னு மட்டும் எழுதிருக்கேன்.”

அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “தொகை எழுதலையா?”

“தொகைதான் அந்த நோட்டுலயே இருக்கேப்பா.”

“அப்ப ஒவ்வொரு வரவுக்கும் அந்த நோட்டைப் புரட்டணுமே பாப்பா. அதுக்கு எதுக்கு பேரேடு?”

எழுந்து போய்ப் பரண் மேலிருந்து ஒரு பேரேட்டை எடுத்து வரச் சொன்னார். கடை மாறியபோது முதலாளி தூக்கிப் போடச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். சிவப்புத் துணி அட்டை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அடையாளம், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே ‘லாபம்’. புதுமண்டபத்துக் கடையில் ஒவ்வொரு வருஷமும் அவரே போய்த் தாளைத் தடவிப் பார்த்து வாங்குவார். நான் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன்.

அவர் எழுதிய முறை இது. வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் கிறுக்குவது. ராத்திரி கடை அடைத்த பிறகு சிட்டையைப் பார்த்து நாள்வழியில் தேதி வரிசையில் எழுதுவது. அப்புறம் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டில், ஆள் வாரியாக, திரும்ப எழுதுவது. ஒரே விற்பனையை இரண்டு தடவை முழுசாக எழுதியிருக்கிறார்கள். காகிதம் இரட்டிப்பு, உழைப்பும் இரட்டிப்பு. எதற்கு? மேலூர்க்காரர் யாராவது வந்து “என் பாக்கி என்ன?” என்று கேட்டால், அவருடைய பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே கண்ணை ஓட்டிச் சொல்லிவிடலாம்.

அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருந்தது. தேதி, தொகை, நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் நாள்வழிப் பக்க எண். தொகை அங்கேயே இருப்பதால் கூட்டுவதற்கு எங்கும் போக வேண்டாம். சந்தேகம் வந்தால் மட்டும் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள்வழிக்குப் போகலாம். நான் போட்ட இண்டெக்ஸில் பக்க எண் இருந்தது, தொகை இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. ஒரு விவசாயிக்கு நாலு வருஷத்தில் சராசரி 2500 வரி. ஒரு காலைக்கு இரண்டு வரி என்றால் 1250 காலைகள். ஒவ்வொரு காலையின் வரியும் கோப்பில் வேறு வேறு பக்கத்தில். ஹார்டு டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுற்றுகிற தட்டு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி, தேடுகிற இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2. முள் அங்கிட்டு நகர 9 மில்லி விநாடி வாக்கில். ஆக ஒரு தாவலுக்கு 13. அதை 1250-ஆல் பெருக்கினால் 16 விநாடி. அண்ணன் போனில் சொன்ன அதே 16. முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து படிப்பது வேகமாக இருந்ததற்குக் காரணம் அது தாவாமல் ஒரே ஓட்டமாகப் படித்ததுதான்.

இண்டெக்ஸை அழித்துவிட்டு விவசாயி எண், தேதி, தொகை என்று மூன்றையும் வைத்துத் திரும்பப் போட்டேன். கவரிங் இண்டெக்ஸ் என்பார்கள். கேட்ட கேள்விக்கு வேண்டியதெல்லாம் இண்டெக்ஸிலேயே இருப்பதால் டேபிளைத் தொடவே வேண்டாம். ஒருத்தருடைய 2500 வரியும் பக்கத்துக்கு 150 வீதம் சேர்ந்தாற்போல் 17 பக்கத்தில் அடங்கிவிட்டது. 1250 தாவல் 17 ஆனது, 16 விநாடி கால் விநாடிக்கும் கீழே. கோப்பு 81 எம்பி. மொத்தமாக இடத்தில் கொடுத்த விலை 19 எம்பி. 

அந்த வேகத்தில் எனக்குக் கை ஊறிவிட்டது. பூ வாரியாக ஒரு இண்டெக்ஸ், வாங்குகிறவர் வாரியாக ஒன்று, ரேட் வாரியாக ஒன்று என்று மொத்தம் ஏழு போட்டேன். இடம்தான் சும்மா கிடக்கிறதே. பத்து நாளில் எடை போடுகிற பையன் வந்து சொன்னான், “அக்கா, என்டர் தட்டுனா ஒரு நொடி யோசிச்சிட்டுதான் சீட்டு வருது.” காலை நாலு மணிக்கு மூட்டைமேல் மூட்டையாக இறங்குகிற நேரத்தில் அந்த ஒரு நொடி பெரிய விஷயம். மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டிய சரக்கு. ஏழு இண்டெக்ஸ் என்றால் ஒரு வரி எழுத எட்டு இடத்தில் கை வைக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் எஸ்கியூலைட் ஜர்னல் கோப்பில் நகல் எடுத்து வைக்கும், நடுவில் கரண்ட் போனால் பழையபடி திருப்புவதற்கு. எல்லாம் சேர்ந்துதான் அந்த நொடி. ஐந்தை அழித்தேன். படிப்பது, புதுப்பிப்பது, இடம் என்ற மூன்றில் இரண்டை இறுக்கிப் பிடித்தால் மூன்றாவது கையை விட்டுப் போகும் என்று 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது, ரம் ஊகம் என்று அதற்குப் பெயர். எனக்கு அதைப் பையன் முதலில் சொன்னான்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு இன்னும் உறுத்துவது.

அண்ணனுக்கு ஒரு ஆசை. 280 பேருடைய நிலுவையும் வீட்டில் இருந்தபடியே போனில் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏழு லட்சம் வரியைக் கூட்டுவானேன்? விவசாயி டேபிளில் ‘நிலுவை’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பூ வரவானால் கூட்டு, பணம் கொடுத்தால் கழி. 280 பேருக்கு ஆளுக்கு 8 பைட், மொத்தம் 2240 பைட். நான் அந்தக் கோப்பில் வாங்கிய வேகத்திலேயே இடத்தில் மலிவானது இதுதான். 19 எம்பி கொடுத்து வாங்கிய இண்டெக்ஸைவிட எட்டாயிரம் மடங்கு மலிவு. போனில் தட்டியவுடன் பட்டியல் வந்தது. அண்ணன் மார்க்கெட்டில் நாலு பேரிடம் காட்டினார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், திரையில் வந்த தொகையைப் பையன் சொன்னதும் கையை நீட்டவில்லை. “6,420 இல்லப்பா. 8,260 வரணும்” என்றார். பையன் திரும்பப் பார்த்தான், 6,420-தான். அந்த அம்மா சண்டை போடவில்லை. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே எடைச் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு வாரம் வாரமாகக் கட்டியது. கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. அந்தச் சீட்டுத் தாள் கொஞ்ச நாளில் வெளுத்து எழுத்து மறைந்துவிடும் என்பதால் பேரனை விட்டு ஒவ்வொரு சீட்டையும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். ரேட் திருத்திய நாட்களில் பக்கத்தில் பேனாவால் புது ரேட்.

நான் அங்கேதான் இருந்தேன். அவருடைய வரிகளை இண்டெக்ஸ் வழியாகக் கூட்டிப் பார்த்தேன். 8,260. நிலுவைக் கட்டத்தில் 6,420. ஒரே கோப்புக்குள் இரண்டு உண்மை.

காரணம் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. விடிகாலையில் ஒரு ரேட்டைப் போட்டு வரவு வைப்பார்கள். சந்தை ஏறினால் அன்றைக்கோ மறுநாளோ ரேட்டைத் திருத்துவார்கள். முகூர்த்த நாளில் இது அதிகம். அந்தத் திருத்தத் திரையை நான் 2016-ல் எழுதினேன், நிலுவைக் கட்டம் பிறப்பதற்கு முன்னால். அது வரவு வரியின் தொகையை மாற்றியது. நிலுவை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. திருத்தம் நடந்த ஒவ்வொரு தடவையும் விவசாயிக்குச் சேர வேண்டியது நிலுவையில் ஏறாமல் நின்றுபோனது. அந்த அம்மாவுக்கு மட்டும் 1,840 ரூபாய். அன்றைக்கு எல்லோருடைய கணக்கையும் ஓட்டிப் பார்த்ததில் 23 பேருக்குக் குறைவாகக் கொடுத்திருந்தோம். எனக்குக் கை நடுங்கியது. அண்ணன் 23 பேருக்கும் போன் போட்டு வரச் சொல்லி, அடுத்த சனிக்கிழமைக்குள் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தார். சிலருக்குத் தங்களுக்குக் குறைந்ததே தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப வேதனை.

கவனித்துப் பாருங்கள். கவரிங் இண்டெக்ஸும் ஒரு நகல்தான், அதிலும் தொகை இரண்டாவது தடவை எழுதியிருக்கிறது. ஆனால் அது தப்பாகவில்லை. யார், எந்தத் திரை வழியாக வரியை மாற்றினாலும் எஸ்கியூலைட் தானே இண்டெக்ஸையும் மாற்றிவிடும். வரியும் இண்டெக்ஸும் ஒன்றாக மாறும், இல்லாவிட்டால் இரண்டுமே மாறாது. நிலுவைக் கட்டமோ நான் வைத்துக்கொண்ட நகல். அதை ஒத்துப் பிடிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க என் தலையில். இடத்தில் 2240 பைட் என்று பார்த்தேனே ஒழிய, எழுதுகிற ஒவ்வொரு திரையும் இனி காலத்துக்கும் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்ற செலவைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

1970-ல் பர்ட்டன் பிளூம் என்பவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, பிளூம் ஃபில்டர் என்று இன்றைக்கு எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஒரு பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால், ‘இல்லை’ என்று அது சொன்னால் நிச்சயமாக இல்லை. ‘இருக்கிறது’ என்று சொன்னால் நூற்றுக்கு ஒரு தடவை தப்பாக இருக்கலாம். அந்த ஒன்றை ஒத்துக்கொண்டால் ஒரு பொருளுக்குப் பத்து பிட் இடம் போதும், பொருள் எவ்வளவு பெரிசாக இருந்தாலும். ஆங்கிலச் சொற்களை வரிக்கடைசியில் உடைக்கும் வேலையை அவர் உதாரணமாகக் காட்டினார். பெரும்பாலான சொற்களுக்குச் சாதாரண விதி போதும், மிச்சத்துக்கு மட்டும் வட்டில் இருக்கிற அகராதிக்குப் போக வேண்டும், ஃபில்டர் தப்பாகச் சொன்னால் வட்டுக்கு ஒரு நடை வீண், அவ்வளவுதான். இடம், நேரம் என்ற பேரத்தில் சரியாக இருப்பதையும் ஒரு பங்காக வைத்து, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று அளந்து கொடுத்தவர் அவர். சரியாக இருப்பதைத்தான் நானும் கொடுத்தேன், கொடுக்கிறோம் என்று தெரியாமல். விவசாயியின் கூலியில் அதைக் கொடுக்க எனக்கு உரிமையும் கிடையாது.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ட்ரிக்கர் எழுதி, வரி மாறும்போதெல்லாம் டேட்டாபேஸே நிலுவையையும் மாற்றும்படி விடலாம். அது தப்பான வழி இல்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. திரும்ப அப்பாவின் பேரேட்டைத்தான் புரட்டினேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிலுவை எழுதவில்லை. மாசக் கடைசியில் கூட்டி, கோடு போட்டு, அடுத்த மாசத்தின் தலையில் ‘முன்பாக்கி’ என்று இறக்கியிருந்தார். கோடு போட்டதற்கு மேல் எதையும் தொடுவதில்லை. பழைய மாசத்தில் தப்புக் கண்டுபிடித்தால்? “அடிச்சு எழுதக் கூடாது பாப்பா. இந்த மாசத்துல திருத்தம்னு புதுசா ஒரு வரவு வைக்கணும். என்னிக்கு, எதுக்குன்னு எழுதி.”

அப்படியே செய்தேன். நிலுவைக் கட்டத்தை எடுத்துவிட்டு ‘முன்பாக்கி’ என்று ஒரு டேபிள். ஒரு விவசாயிக்கு மாசம் ஒரு வரி, வருஷத்துக்கு 3,360 வரி. முடித்த மாசத்து வரவுகளைப் பூட்டிவிட்டேன், எந்தத் திரையும் அதை மாற்ற முடியாது. மாறாத ஒன்றின் நகல் பழசாகப் போவதில்லை. நிலுவை வேண்டுமென்றால் முன்பாக்கியோடு நடப்பு மாசத்தின் ஐம்பது சொச்சம் வரியைக் கூட்ட வேண்டும், அது இண்டெக்ஸில் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. கோப்புக்கு எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வேலை அதிகமாகாது. போன் பட்டியலும் முன்னைப்போலவே உடனே வருகிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மார்க்கெட் ஓய்ந்திருக்கும், மெஷினுக்கும் வேலை இருக்காது. அந்த நேரத்தில் ஒரு நிரல் 2015-லிருந்து எல்லா வரியையும் முதலிலிருந்து கூட்டி முன்பாக்கியோடு ஒத்துப் பார்க்கிறது. அவசரம் இல்லாத இடத்தில் மெதுவான வழியில் போவதில் ஒரு நஷ்டமும் இல்லை. வித்தியாசம் இருந்தால் எனக்கும் அண்ணனுக்கும் குறுஞ்செய்தி வரும். இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டும் பென் டிரைவ் நகலைத் தப்பாகத் திருப்பிப் போட்டதால்.

2022-ல் அண்ணன் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினார். சுற்றுகிற தட்டும் நகர்கிற முள்ளும் போய்விட்டதால் ஒரு தாவலுக்கு 13 மில்லி விநாடி இருந்தது ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு வாக்கில் இறங்கிவிட்டது. அன்றைக்கு 16 விநாடி எடுத்த அந்த வெறும் இண்டெக்ஸ் இப்போதானால் எட்டில் ஒரு விநாடியில் முடித்துவிடும். கவரிங் இண்டெக்ஸுக்கான கூடுதல் 6 எம்பி இந்த மெஷினில் தேவையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வன்பொருள் மாறும்போது பேரத்தின் விலையும் மாறுகிறது, அதனால் ஒரு தடவை போட்ட கணக்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் எந்த எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் அந்த அம்மாவுக்கு 6,420 என்றுதான் காட்டியிருக்கும், இன்னும் கொஞ்சம் வேகமாக.

அவர் இப்போதும் வருகிறார். முன்பாக்கி முறைக்கு மாற்றிய புதிதில் ஒரு சனிக்கிழமை, பணத்தை எண்ணி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தாயி, போன மாசம் வரைக்கும் எவ்வளவுன்னு அந்தச் சீட்டுலயே அடிச்சுக் குடுத்தா, பேரன் நோட்டுல எழுதிப்பான். அவனும் ஒத்துப் பாக்கலாம்ல?” அன்றைக்கே சீட்டில் முன்பாக்கி என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு வரி கூடினதால் பேப்பர் ரோல் சீக்கிரம் தீர்கிறது என்று எடை போடுகிற பையன் அண்ணனிடம் முறையிட்டான். “தீரட்டும்டா. ரெண்டு ரோல் சேத்து வாங்கி வையி” என்றார் அண்ணன்.